வைகை அணைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு



நான் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். எட்டு எம்எம் காய் எத்தனை கிலோ, ஏழு எம்எம் எத்தனை கிலோ, பிளந்தது எவ்வளவு, பொறுக்கிக் கழித்தது எவ்வளவு என்று எழுதி எழுதியே கண்ணாடியின் பவர் கூடிவிட்டது. பாடம் சொல்லித்தரும் உங்களுக்கு நான் என்ன சொல்லிவிட முடியும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனாலும் ஒரு கணக்கு விஷயமாகத்தான் எழுதுகிறேன். அதற்கு மட்டும் எனக்குத் தகுதி உண்டு.

வருடா வருடம் உங்கள் பேருந்துகளைப் பார்க்கிறேன். விடியற்காலையில் கிட்டங்கி திறக்கப் போகும்போது, தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் மலைப்பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் கிழக்குப் பக்கம் பார்த்து ஒரு பேருந்து நிற்கும். கையில் புளிசாதப் பொட்டலம், தலையில் புதுத் தொப்பி, தொண்டை கிழியக் கூச்சல். 'வைகை டேமுக்குப் போறோம்' என்று ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவனுக்கெல்லாம் அறிவிப்பார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. போடிப் பிள்ளைகளுக்குக் கடலையும் கோட்டையையும் காட்ட நெடுந்தூரம் போக வேண்டும். வைகை அணை பக்கத்திலேயே இருக்கிறது, செலவும் குறைவு.

நானும் அப்படிப் போனவன். 1986-ஆம் வருடம், ஆறாம் வகுப்பு. பூங்காவில் ஊஞ்சலுக்கு அடிபிடி நடந்தது. வறுத்த மீன் வாசனைக்கு எல்லோருக்கும் நாக்கு ஊறியது, கையில் காசில்லை. எங்கள் ஆசிரியர் மதகுப்பக்கம் வரிசையாக நிறுத்திப் பாடம் சொன்னார். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியது. 1959 ஜனவரி 21 அன்று திறந்தது. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். மதுரைக்குக் குடிநீர், பல மாவட்டங்களுக்குப் பாசனம். நோட்டில் எழுதிக்கொண்டோம். நான் கையைத் தூக்கி, "சார், எங்க அம்மாச்சி ஊரு இந்தத் தண்ணிக்குள்ளதான் சார் இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அப்படியா. சரி, வரிசையில நில்லு" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அறுபது பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்த மனுசருக்கு அதற்குமேல் என்ன பேச முடியும்? பாடப்புத்தகத்தில் அந்த வரி இல்லை. அவர் அதை எங்கிருந்து எடுப்பார்?

எங்கள் அம்மாச்சி அந்தப் பூங்காவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் அணைக்கு வருவாள். வருடத்துக்கு ஒருமுறை, மாசிச் சிவராத்திரிக்கு, பேருந்து நிற்கும் பக்கம் வராமல், தண்ணீர் தேங்கும் பின்பக்கம். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, தண்ணீரைப் பார்த்துக் கும்பிடுவாள். அந்த நாளில் நம் பக்கத்துச் சனம் முழுக்கக் குலதெய்வம் கும்பிட ஊர் ஊராகக் கிளம்பும். எங்கள் அம்மாச்சியின் குலதெய்வத்துக்கு முகவரி தண்ணீர்தான். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாள். வண்டல் வெடித்துக் கிடந்த கரையில் நின்று, கையை நீட்டி, "அங்கிட்டுப் பாரு, அந்தக் கொக்கு உக்காந்திருக்குல்ல, அதுக்கு நேரா உள்ள, நம்ம வீட்டு அடுப்படி" என்றாள். கொக்கு பறந்துவிட்டது. அடையாளமும் அதோடு போயிற்று. அவள் கையை மட்டும் இறக்கவில்லை.

1957-இல் ஊரைக் காலி செய்தார்கள். வைகை அணைக்காக ஆற்றங்கரையில் இருந்த 14 ஊர்கள் போயின. அவற்றில் ஒன்று மேட்டூர். காவிரி மேட்டூர் இல்லை, நம் வைகைக்கரை மேட்டூர். கவிஞர் வைரமுத்து பிறந்த ஊர் அது. அங்கிருந்து அவர் குடும்பம் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிக்குப் போனது பலருக்கும் தெரியும். எங்கள் அம்மாச்சி வீட்டார் போல் கிடைத்த திசையில் சிதறிப்போனவர்களை யாருக்கும் தெரியாது. ஒரு கூட்டம் ஆண்டிபட்டிப் பக்கம், ஒரு கூட்டம் தேனிப் பக்கம். எங்கள் தாத்தா ஏலத்தோட்டத்தில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போடிக்கு வண்டி ஓட்டினார். ஆற்றுத் தண்ணீரில் கமலை இறைத்து வெள்ளாமை பார்த்தவர், மலைச்சரிவில் அட்டை கடிக்கக் காய் எடுக்கப் பழகினார். அம்மாச்சி கிட்டங்கியில் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கினாள். இன்றைக்கு நான் கணக்கெழுதும் தொழிலுக்கு எங்கள் குடும்பம் வந்த வழி இதுதான்.

என்னென்ன எடுத்து வந்தார்கள் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிலையோடு கதவைப் பெயர்த்தார்கள். உத்தரக்கட்டைகள், ஓடு, அம்மி, உரல், கலப்பை. குலுக்கையைத்தான் கொண்டுவர முடியவில்லை. மண்ணால் வனைந்து வீட்டுக்குள்ளேயே நின்ற ஆள் உயரக் குலுக்கை. அசைத்தால் உடையும். அப்படியே விட்டுவிட மனசில்லாமல் தாத்தாவே கடப்பாரையால் தட்டினாராம். அடியில் இரண்டு படி கம்பு ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் குரல் மாறும். மத்தியப் பிரதேசத்தில் 2004-இல் இந்திரா சாகர் அணைக்காக ஹர்சூத் என்ற பழைய ஊரே காலியானபோது, சனங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே இடித்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தக் கடப்பாரைதான் ஞாபகம் வந்தது.

சாமியை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்றால், பிடிமண். பழைய கோயில் இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, போகிற இடத்தில் வைத்துப் பீடம் எழுப்புவது. வழிவழியாக நம் சனம் செய்வதுதான். பிழைக்கப் போன ஊரிலெல்லாம் நம்மவர்கள் இப்படித்தான் சாமியை இறக்கிவைத்தார்கள். எங்கள் அம்மாச்சிக்கு மட்டும் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. "மண்ணு வந்துச்சு. சாமி வந்துச்சான்னு யாரு கண்டா" என்பாள். அதனால்தான் இரண்டு இடத்திலும் கும்பிட்டாள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வைகை அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் செய்தித்தாளில் ஓர் எண் வரும். பெரியாறு பிரதான கால்வாயில் இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். ஒருபோகம் 1,05,002 ஏக்கர். அந்த 41-ஐயும் 2-ஐயும் பாருங்கள். லட்சம் ஏக்கருக்குமேல் பாயும் தண்ணீரில் கடைசி இரண்டு ஏக்கரைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளையாக எனக்கு அது பெருமையாக இருக்கிறது. ஆனால் அதே அணையின் மறுபக்கத்தை எப்படிச் சொல்கிறோம்? 'சில கிராமங்கள்.' கொஞ்சம் விவரம் தெரிந்தவர் '14 கிராமங்கள்' என்பார். அந்தப் பதினான்கின் பெயரையும் வரிசையாகச் சொல்லக்கூடியவர் உங்களில் எத்தனை பேர்? எத்தனை கிணறு, எத்தனை களம், எத்தனை புளியமரம், எத்தனை வீட்டு நிலை? வரவுப் பக்கம் ஏக்கரின் கடைசி இலக்கம் வரை தெரிகிறது. பற்றுப் பக்கம் பென்சிலால்கூட எழுதவில்லை. இப்படி ஒரு பேரேட்டை நான் கொண்டுபோய் நீட்டினால் எங்கள் முதலாளி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

உடனே என்னை அணைக்கு எதிரி என்று எழுதிவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் அணையைத் திட்டினால் சோறு கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. முல்லைப்பெரியாறு இல்லாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் ஏது? 1895-இல் மேற்கே ஓடிய ஆற்றை மலைக்குள் துளைபோட்டுக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கை இங்கே வீட்டில் படமாக வைத்திருக்கிறோம். தைப் பொங்கலையும் ஜனவரி 15-இல் அவர் பிறந்தநாளையும் சேர்த்தே கொண்டாடுகிறோம், பிள்ளைக்கு அவர் பெயரும் வைக்கிறோம். நன்றி மறக்காத சனம் என்பதில் எனக்கும் கர்வம் உண்டு. என்ன, அந்தக் காட்டில் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்த கூலியாட்களுக்கு ஒரு படம் எந்த வீட்டிலும் இல்லை. நன்றிகூட நம்மிடம் மேலேயிருந்துதான் தொடங்குகிறது, கீழே வருவதற்குள் தீர்ந்துபோகிறது.

இன்னொன்றும் உண்டு, இது நம் போடிக்காரர்களுக்கு மட்டும். பெரியாற்றுத் தண்ணீர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். வைகை அணையை நிரப்புவதில் நம் கொட்டகுடி ஆற்றுக்கும் பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்கிறீர்களா? குரங்கணிக்கு மேலே சோலைக்காட்டில் பெய்கிற மழைதான் போடிக்குக் குடிதண்ணீர். நாம் குடித்து, வாய்க்காலுக்கு விட்டு, மீனாட்சியம்மன் கண்மாயும் பங்காருசாமி கண்மாயும் நிறைந்து மிச்சம் போவது தேனிப் பக்கம் வைகையோடு சேர்ந்து அணைக்குள் போய் நிற்கிறது. நாம் அந்த அணையின் தண்ணீரைக் குடிக்கவில்லை. அது நம் நிலத்துக்கும் பாயவில்லை. நம் ஊர் ஒன்றும் அதில் முழுகவில்லை. ஆனால் அந்த 14 ஊர்மேல் நிற்கும் தண்ணீரில் நம் ஆறும் கலந்திருக்கிறது. அம்மாச்சி போடியில் மழை அடித்துப் பெய்தால் திண்ணையில் உட்கார்ந்து, "போ, போ, இன்னும் கொஞ்சம் மூடு" என்று மழையைப் பார்த்துச் சொல்வாள். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தது.

அணை ஊரை விழுங்குவது நமக்கு மட்டும் நடந்ததில்லை. துருக்கியில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் ஹசன்கெய்ஃப் என்று ஓர் ஊர். பாறையைக் குடைந்த குகை வீடுகள், ஆற்றின் நடுவே பழைய பாலத்தின் தூண்கள், மசூதிக் கோபுரம் என்று மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குடியிருந்த இடம். இலுசு அணை வரப்போகிறது என்று தெரிந்ததும் உலகமே கிளம்பிப் போய்ப் பார்த்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகள் 2009-இல் கடன் உத்தரவாதத்தைத் திரும்பப் பெற்றன. அணை நிற்கவில்லை. 2017-இல் சைனல் பே என்பவரின் கல்லறை மண்டபத்தை, சுமார் 1,100 டன் எடையை, அலுங்காமல் தூக்கிச் சக்கரங்களில் வைத்து வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். 2019 ஜூலையில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஊர் உள்ளே போயிற்று. அந்த மண்டபம் உருண்டு போவதைக் காணொளியில் பார்த்தபோது வியப்பாகத்தான் இருந்தது. ராஜா வீட்டுக் கல்லறைக்குச் சக்கரம் கிடைக்கிறது. குலுக்கைக்கு யார் சக்கரம் கட்டுவார்?

இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. கல்லாக இருந்தால் ஒரு மரியாதை, மண்ணாக இருந்தால் வேறு மரியாதை என்பது எல்லா அணையிலும் ஒரே மாதிரி நடக்கிறது. காவிரி மேட்டூரில் 1934-இல் அணை வந்தபோது பண்ணவாடிப் பக்கத்து ஊர்கள் முழுகின. ஆனால் கோடையில் தண்ணீர் இறங்கினால் முதலில் கிறிஸ்தவ ஆலயக் கோபுரம் தலைகாட்டும், இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி எழுந்து நிற்கும். மறுநாள் எல்லாச் செய்தித்தாளிலும் படம் வரும். பவானிசாகரில் டணாயக்கன் கோட்டையும் மாதவராயப் பெருமாள் கோயிலும் கடும் வறட்சியில் அப்படித்தான் வெளியே வருகின்றன. இலங்கையில் நம்மவர்கள் தேயிலை பறிக்கும் மலைநாட்டில், பழைய மஸ்கெலியா நகரம் நீர்த்தேக்கத்துக்குள் போனது. அங்கும் தண்ணீர் வற்றினால் கோயில் தெரிகிறது, பள்ளிவாசல் தெரிகிறது, போய்ப் பார்க்கும் சனம் அழுகிறது. கல் திரும்பி வரும். எங்கள் அம்மாச்சி ஊரில் கல் கோபுரம் இல்லை. மண்சுவரும் கூரையும் ஓடும்தான். முதல் வெள்ளத்திலேயே கரைந்து, வண்டலோடு வண்டலாகி, அணை மேடேறிவிட்டது என்று பொறியாளர்கள் கவலைப்படும் அந்த மண்ணில் அவள் வீடும் சேர்ந்திருக்கும். வறட்சி வந்தாலும் படம் எடுக்க அங்கே ஒன்றும் நிற்காது. நந்தி இல்லாத ஊருக்கு நோட்டுத்தான் நந்தி.

ஆந்திரத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நாகார்ஜுனசாகர் அணைக்காக நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கு முழுகும் என்றானதும், 1954 முதல் 1960 வரை தொல்லியல் துறை அதைத் தோண்டி எழுதி, முக்கியமான கட்டடங்களைப் பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் வைத்தது. அந்த மேடு இன்று நீர் நடுவே தீவு. அதே வருடங்களில்தான் நம் வைகையில் கல்லும் மண்ணும் அடுக்கினோம். வைகைக் கரை எப்பேர்ப்பட்ட கரை என்கிற கண் அப்போது நமக்கு இல்லை. 2006-இல் அதே ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரைப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்-பிராமி எழுத்து பொறித்தவை, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதிலொன்று, கூடலூரில் ஆநிரைப் பூசலில் செத்த ஒருவனைப் பற்றியது. மாடு பிடிக்கப் போன சண்டையில் செத்த ஒரு சாதாரண வீரனின் பெயர் இரண்டாயிரம் வருடத்துக்குமேல் நிற்கிறது, யாரோ ஒருவன் உட்கார்ந்து ஒரு வரி செதுக்கியதால். கீழடியில் தோண்டுவதற்கு முன் இந்திய தொல்லியல் துறையினர் வைகை பிறக்கும் இடம் முதல் கடலில் சேரும் இடம் வரை கரையோரமாகத் தேடி 293 இடங்களைக் குறித்தார்கள். குறித்தது, தண்ணீருக்கு வெளியே இருந்தவற்றை. அணைக்குள் கிடப்பதை யார் நடந்துபோய்ப் பார்ப்பது?

எழுத்தில் நமக்குக் கிடைத்த பெரிய சாட்சி, வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அது இல்லாவிட்டால் இந்த ஊர்கள் இருந்ததே வெளியுலகுக்குத் தெரியாமல் போயிருக்கும். அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனால் நாவல் ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போகும், அதுதான் அதன் வேலை. எல்லா வீட்டுக் கதவிலக்கத்தையும் அது எழுத முடியாது. அதை எழுதப் பள்ளிக்கூடத்தால் முடியும்.

நான் கேட்பது இதுதான். அடுத்தமுறை பேருந்துக்குப் பணம் வசூலிக்கும் முன் ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்கட்டும்: நம் சொந்தத்தில், நம் தெருவில், வைகை அணைக்குள் போன ஊரிலிருந்து வந்தவர்கள் உண்டா? போடியில் உண்டு. தேனியிலும் ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் நிச்சயம் உண்டு. அப்போது பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது எண்பதை ஒட்டி இருக்கிறார்கள். காது மந்தம், ஆனால் ஊரைப் பற்றிக் கேட்டால் காது திறக்கும். ஊர் பெயர், சாமி பெயர், கிணற்றின் பெயர், பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை செய்தார், நிலமில்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்வி முக்கியம். அன்றைக்கு இருந்தது வெள்ளைக்காரன் 1894-இல் போட்ட நில எடுப்புச் சட்டம். நிலத்துக்கும் கிணற்றுக்கும் மரத்துக்கும் அதில் விலை உண்டு. அந்த நிலத்தில் கூலிக்கு அறுத்துத் தின்றவனுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அவனையும் கணக்கில் சேர்த்த சட்டம் 2013-இல்தான் வந்தது, 2014 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வைகைக்கரைக் கூலிக்காரருக்கு அது ஐம்பத்தேழு வருடம் தாமதம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல குடிமையியல் பாடம் வேறு என்ன இருக்கிறது?

பிறகு அணைக்குக் கூட்டிப்போங்கள். பூங்காவில் விளையாடட்டும், மீன் வாங்கிக் கொடுங்கள், குட்டி ரயிலில் ஏற்றுங்கள். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் பின்பக்கம், தண்ணீர் நிற்கிற பக்கம். பிள்ளைகள் எழுதிவந்த ஊர்ப் பெயர்களை அங்கே நின்று வாய்விட்டுப் படிக்கட்டும். மேடை வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். சால்வை போடும் வைபவமாக மாற்றிவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நம் ஊர் வழக்கம் தெரிந்ததால் சொல்கிறேன்.

'பழையதைக் கிளறி என்ன ஆகப்போகிறது' என்று உங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கேட்பார். அவரிடம் நம் போடி ரயிலைப் பற்றிக் கேளுங்கள். 1928-இல் வந்தது, 2010 கடைசியில் நின்றது, 2023 ஜூன் 15 அன்று அகல ரயிலாகத் திரும்பி வந்தது என்று தேதி தவறாமல் சொல்வார். பன்னிரண்டு வருடம் ஒரு ரயில் வராததை அத்தனை துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கிற ஊர் இது. இன்னும் பழைய ஆட்கள் 1924 வெள்ளத்தைச் சொல்வார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிவந்த குட்டி ரயிலை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அது வானத்துத் தண்ணீர், யாரையும் கேட்காமல் வந்தது. அணைத் தண்ணீர் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருகிறது. அதனால் அதற்குக் கணக்குக் கேட்கலாம்.

இது வரப்போகும் காலத்துக்கும் வேண்டியிருக்கிறது. கொட்டகுடி ஆற்று வெள்ளம் வீணாகப் போகிறது, மேலே ஓர் அணை கட்டவேண்டும் என்ற கோரிக்கை நம் விவசாயிகளிடம் நெடுநாளாக உண்டு. நியாயமான கோரிக்கையாகவும் இருக்கலாம். மாமரமும் தென்னையும் கருகுகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். முந்தல் சாலையில் அணைப்பிள்ளையார் பக்கத்துத் தடுப்பணையில் குளித்து வளர்ந்த எனக்கு, ஆற்றை மறித்தாலே பாவம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. ஆனால் அந்தச் சரிவில் கொட்டகுடி இருக்கிறது, குரங்கணி இருக்கிறது, முதுவாக்குடியும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற மலையூரும் இருக்கின்றன. நாளைக்கு உங்கள் மாணவர்கள் மனுவில் கையெழுத்துப் போடுவார்கள், ஒருவர் பொறியாளராகி வரைபடம் போடுவார், ஒருவர் அதிகாரியாகி ஒப்புதல் தருவார். முதல் தாளிலேயே மேலே யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பழகியவர்களாக அவர்கள் இருக்கட்டும். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, அம்பரப்பர் மலையைக் குடைந்தால் எங்கள் கிணறும் மாடும் சாமியும் என்னாகும் என்று அந்த ஊர்ச்சனம் எழுந்து நின்று கேட்டது. அறிவியல் சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கேள்வி கேட்டார்கள், அது நாடு முழுக்கக் கேட்டது. 1957-இல் எங்கள் தாத்தா யாரிடம் கேட்பார்? கடப்பாரையைத்தான் எடுத்தார்.

என் பங்குக்கு ஓர் ஆளைத் தருகிறேன். எங்கள் அம்மா அந்த ஊரில் பிறந்தவள். காலி செய்தபோது நான்கு வயது. கவிழ்த்துப் போட்ட கட்டில்மேல் அவளை உட்காரவைத்து, கையில் கோழிக்கூடையைக் கொடுத்து, வண்டியை ஓட்டினார்களாம். வீடு அவளுக்கு ஞாபகம் இல்லை. கிணற்றுக்குப் போகும் பாதையில் ஒரு சப்பட்டைக் கல் கிடந்ததும், வெயிலில் அது சுட்டதும் ஞாபகம் இருக்கிறது. எழுபதைத் தாண்டிவிட்டாள். முழங்கால் வலி உண்டு, பேச்சில் குறையில்லை. உங்கள் பேருந்தில் ஓர் இடம் இருந்தால் சொல்லியனுப்புங்கள், வாசல் வரை நான் கொண்டுவந்து விடுகிறேன். முன்பக்கம் ஜன்னலோர இடமாக இருந்தால் நல்லது. டீசல் வாசம் அவளுக்கு ஆகாது. வழிநெடுக வாயில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொண்டு வருவாள். பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொண்டுவரச் சொல்கிறேன், கிட்டங்கிக் காய்தான், நான் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்குப்பிள்ளை,
போடிநாயக்கனூர்.